வெயிலில் காய்ந்த ரெகே தட்டுகள்

முதலில் எலுமிச்சை வாசம்தான் வந்தது. பாத்திரம் கழுவும் சோப்பின் வாசம்.

டோபி கடையில் துணி மடிக்கும் வேலை முடிந்து மதியம் கிள்ளான் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். கேட்டைத் திறந்தால்… அப்பளம் காயவைக்கும் பாயில் அண்ணனின் ரெகே இசைத்தட்டுகள். நடு வெயிலில், வரிசையாக.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது எனக்குப் பதினாறு. படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது.

அண்ணன் தினேஷுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் லோரி ஓட்டும் வேலை. ஞாயிறு ஆனால் பிரிக்பீல்ட்ஸ், செலாயாங் என்று பழைய சாமான் விற்கும் இடமாகச் சுற்றுவான். ரெகே, டான்ஸ்ஹால் பாட்டுத் தட்டுகள் தவிர வேறு எதையும் தொடமாட்டான். ஜமைக்காவில் அச்சடித்த சின்னத் தட்டுகள், பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு. நடுவில் பெரிய ஓட்டை இருக்கும். பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால்தான் பிளேயரில் நிற்கும்.

"ஏன்டா தினேசு, இது பாட்டா, உளுந்து வடையா?" என்பார் அம்மா.

"வடைதாம்மா. நீ சட்னி அரைச்சு வை."

நைட் ஷிப்ட் முடிந்து அம்மா பகலில் தூங்குவார். அதனால் ஹெட்ஃபோனில்தான் கேட்போம். ஒரு பக்கம் அவன் காதில், மறு பக்கம் என் காதில்… அம்மா அந்தப் பாட்டுகளைக் கேட்டதே இல்லை.

நம் ஊர் ஈரத்துக்குத் தட்டில் பூஞ்சை பிடிக்கும். அண்ணன் ஒவ்வொன்றாகத் துடைத்து ஃபேன் காற்றில் காயவைப்பான். வெயில் பட்டால் வளைந்துவிடும் என்று அம்மாவிடம் அவன் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

பிறகு ஒரு மழை நாள். அண்ணனின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. பின்னால் வந்த லோரி நிற்கவில்லை…

தட்டுகள் வெயிலில் கிடந்த அன்றைக்கு மறுநாள்தான் அவனுக்குக் கருமாதி. பிடித்ததையெல்லாம் படையலில் வைக்க வேண்டும். பூஞ்சையோடு வைப்பதா என்று அம்மா தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார்.

ஒன்றை எடுத்தேன். பொரித்த அப்பளம் மாதிரி ஓரம் தூக்கியிருந்தது. அடுத்ததும் அப்படித்தான். எல்லாமே.

"பளபளன்னு இருக்கு பாரு. அவன்கூட இப்படி வெச்சதில்ல," என்றார் வாசலுக்கு வந்த அம்மா.

அண்ணன் போன பிறகு அம்மா முகத்தில் அன்றுதான் கொஞ்சம் வெளிச்சம். தன் கையாலேயே மகனின் தட்டுகள் போய்விட்டன என்று தெரிந்தால் அம்மா தாங்கமாட்டார். அள்ளிக்கொண்டு போய், வளைவு நிமிரட்டும் என்று அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தேன். தட்டுகள் நிமிரவில்லை.

மறுநாள் படையலில் ஆட்டுக்கறி, அவனுடைய தொப்பி, சிகரெட். பக்கத்தில் உறை போட்ட தட்டுகள். நல்லவேளை, உறைக்குள் வளைவு தெரியவில்லை என்று நினைத்தேன்.

மாமாதான் ஆரம்பித்தார். "சும்மா வெச்சா எப்படி? புள்ளைக்கு ஒரு பாட்டு போட்டு விடுங்க லா."

"நீதானே அவன்கூட உக்காந்து கேப்ப. போடும்மா," என்றார் அம்மா.

ஹால் முழுக்க ஆட்கள். எப்படியோ எழுந்து பிளேயர் பக்கம் போனேன். இருப்பதில் குறைவாக வளைந்ததை எடுத்தேன். ஊசி துள்ளியது. அதன் தலைமேல் ஒரு இருபது சென் காசை வைத்தேன். தட்டு படகு மாதிரி ஏறி இறங்க, பாடியவரின் குரல் இழுத்து இழுத்து அழுவது போல வந்தது…

இப்போது அதே பாட்டு போனிலேயே கிடைக்கிறது. சுத்தமான குரல். எனக்கென்னவோ அது வேறு யாரோ பாடுவது போலத்தான் இருக்கிறது.

"என்னம்மா இப்படி இழுக்குது? பிளேயர் கெட்டுப்போச்சா, ரோசாக்கா?" என்று அன்று கேட்டார் மாமா.

அம்மா என்னையே பார்த்தார். "ஏன்டி… நான் வெயில்ல வெச்சதாலயா?"

"இல்லம்மா. ரெகே இப்படித்தான் இருக்கும். அண்ணன் இப்படித்தான் கேக்கும்."

சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.