கங்கப்பனுக்கு நான் செய்த தணிக்கை

"தணிக்கைன்னா இன்னா சாமி?" என்று கங்கப்பன் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். அகராதியில் 'சோதித்துப் பார்த்தல்' என்று போட்டிருந்தது. படித்துக் காட்டினேன். "எதைச் சோதிக்கிறது? என்னையா, என் பேச்சையா?" என்றார்.

கங்கப்பன் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சேரியில் இருந்தவர். என் மாமா நாராயணப்பனின் மாடுகளை மேய்த்தார், ஏர் ஓட்டினார். எழுத்து தெரியாது. ஆனால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சிரிக்க வைப்பார். மாரியம்மன் திருவிழா நாடகத்தில் பதினெட்டு வருடமாக அவர்தான் கோமாளி.

எங்கள் ஊரில் கோமாளிக்கு ஓர் உரிமை உண்டு. வேஷம் கட்டியபின் மேடையில் ராஜாவைப் பார்த்து ஊர்க் குறை ஒன்றைக் கேட்கலாம். யாரைக் குறித்துக் கேட்டாலும் அவர் கோபிக்கக் கூடாது. சிரித்தே ஆக வேண்டும். ஒரு வருடம், சேரிக்குப் போகும் வழியை முள் வைத்து அடைத்ததைக் கேட்டார். மறுநாளே முள்ளை எடுத்துவிட்டார்கள். அதெல்லாம் வாயில் வந்த பேச்சு. எந்த ஏட்டிலும் இல்லை.

1955இல், நாடகத்தை முழுதும் எழுதித் தணிக்கைக்குக் கொடுத்தால்தான் அனுமதி என்று சர்க்காரில் சொன்னார்கள். ராஜா வேஷம் கட்டும் முனிவேல்தான் நாடகத்தை நடத்துகிறவர். என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்தார். "கோமாளி வாயில வர்றத ஒண்ணு வுடாம எழுது. இதுல இல்லாதத மேடையில பேசினா என்னைத்தான் புடிப்பாங்கோ."

கங்கப்பன் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில் அந்த வருடக் கேள்வியைச் சொன்னார்:

"ராஜாவே, உங்க மாடு கிணத்துத் தொட்டியில வாய் வெச்சுக் குடிக்குது. அந்த மாட்ட மேய்க்கிறவன் குடத்த வெச்சிக்கினு, யாராச்சும் ஊத்துவாங்களான்னு நிக்கிறேன். மாட்டுக்குக் குடுத்த எடம் எனக்கு எப்பக் குடுப்பீங்கோ?"

அது என் மாமாவின் கிணறு. என் பேனா நின்றுவிட்டது. அதிகாரிகள் எப்படியும் அடித்துவிடுவார்கள், அனுமதியும் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமா முகத்தில் விழிக்க வேண்டுமே என்பதுதான் உண்மையான பயம். எழுதியதுபோல் தலையை ஆட்டினேன், எழுதவில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நோட்டு முத்திரையோடு திரும்பி வந்தது. ஒரு வரிகூட அடிபடவில்லை. கங்கப்பன் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"கிணத்துப் பேச்சுக்கும் சீல் போட்டாங்களா!" என்று துள்ளினார்.

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன். களி கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி பாப்பம்மா நிமிர்ந்தார்.

"சர்க்காருக்கு வேல வெக்காம நீங்களே முடிச்சிட்டீங்களா சாமி? நல்லாத்தான் படிச்சீங்கோ."

மறுபடி எழுதி அனுப்ப நாளில்லை. முனிவேலைப் பிடித்துக்கொண்டு போனால் அவர் பிள்ளைகள் என்ன செய்யும் என்று, கங்கப்பன் நோட்டில் இருந்ததை மட்டும் பேசி ஆடினார். ஜனங்கள் கேள்விக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

மறுநாள் காலை வேஷமில்லாமல் கிணற்றடிக்கு வந்து, அதே கேள்வியை மாமாவிடம் கேட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"கோமாளி வேஷம் நேத்தோட முடிஞ்சுது, தெரியுமில்ல?" என்றார் மாமா.

"வேஷத்தோட கேக்க வுடலீங்களே" என்றார் கங்கப்பன். என் பக்கம் திரும்பவே இல்லை.

வேஷமில்லாத கேள்விக்கு மாமா சிரிக்க வேண்டியதில்லை. அன்றே கங்கப்பனுக்கு வேலை போயிற்று. இப்போது அவரும் பாப்பம்மாவும் தளிப் பக்கம் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூலிக்கு இருக்கிறார்கள். கிணற்றில் ஒன்றும் மாறவில்லை.

தணிக்கை என்றால் எழுதியதை அதிகாரி அடிப்பது என்று நினைத்திருந்தேன். அடித்த வரியாவது கோட்டுக்கடியில் தெரியும். நான் செய்ததில் கோடுகூட இல்லை. கங்கப்பன் அப்படி ஒன்றைக் கேட்க நினைத்ததற்கே அந்த நோட்டில் சாட்சி இல்லாமல் போயிற்று.

அதனால்தான் அவர் சொன்னபடியே இங்கே எழுதியிருக்கிறேன். படிக்கிறவர்கள், படிக்கத் தெரியாத ஒருவருக்காவது இதைச் சொல்லுங்கள். கங்கப்பன் பெயரைச் சொல்லி, மாட்டையும் குடத்தையும் விடாமல் சொல்லுங்கள்.