டோலக்கோடு கேமரா வாங்கப் போனோம்

என் கணவர் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் தகடு வெட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கானா பாடுகிறார். கல்யாணம், காதுகுத்து, சாவு என்று எந்த வீட்டில் கூப்பிட்டாலும் போவார். அவருக்கு டோலக் வாசிக்கும் நண்பர் மாதவரத்தில் லாரி ஓட்டுகிறார். நான் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன்.

போன வருடம் ராயபுரத்தில் ஒரு மண்டபத்தில் கானாக் கச்சேரி வைப்பதாகவும், பாட நினைப்பவர்கள் வீடியோ அனுப்பலாம் என்றும் சொன்னார்கள். என் போனில் எடுத்து அனுப்பினோம். "டோலக்குதாம்பா கேக்குது, பாட்டே கேக்கல" என்று பதில் வந்தது. மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே பதில்.

அன்று சாயங்காலம் அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "என் தொண்ட அவ்ளோதான் போலம்மே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கடுத்த ஞாயிறு பாடப் போகவில்லை.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். நாளெல்லாம் காதில் ஹெட்போன், குரல்களோடுதான் பிழைப்பு. எது தொண்டையின் கோளாறு, எது மெஷினின் கோளாறு என்று எனக்குத் தெரியும். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். டோலக்கில் அடி விழும்போதெல்லாம் போன் தானாகவே மொத்தச் சத்தத்தையும் அமுக்கியது. அடி ஓய்ந்ததும் மெல்லத் தூக்கியது. நடுவில் மாட்டிய இவர் குரல், தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தது.

"உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. வா, கேமரா வாங்கலாம்" என்றேன். "அண்ணாவையும் டோலக்க எடுத்துகினு வரச் சொல்லு."

"கேமரா வாங்க டோலக்கு இன்னாத்துக்கு?"

"வாசிக்காம எப்டித் தெரியும்?"

பாரிமுனைச் சந்து ஒன்றில் பழைய கேமரா விற்கும் கடைக்கு மூன்று பேரும் பஸ் ஏறினோம். கூட்டத்தில் டோலக்கைக் குழந்தைபோல மடியில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். "இதுல எடுத்தா சட்டையில நூலு பிரிஞ்சிருந்தாகூடத் தெரியும்க்கா."

"மைக் மாட்ட இடம் இருக்கா? சத்தத்த நாமளே கூட்டிக் கொறைக்கலாமா?"

"அதெல்லாம் தானாப் பாத்துக்கும்க்கா."

"அதாம்பா பேஜாரே. எங்க போனும் தானாத்தான் பாத்துக்கினுச்சு."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பழைய ஒன்றைக் கொண்டுவந்தார். தடித்த உடம்பு, கீறல் விழுந்த சின்னத் திரை. ஆனால் மைக் மாட்டத் துளை இருந்தது, ஹெட்போன் மாட்டத் துளை இருந்தது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. "படம் சுமாராத்தான் இருக்கும்க்கா, இப்பவே சொல்லிட்டேன்" என்றார். எங்கள் காசுக்கு எட்டியதும் அதுதான்.

கடைக்காரர் ஒரு சின்ன மைக்கைச் செருகித் தந்தார். நான் என் ஹெட்போனை மாட்டினேன். "பாடுய்யா" என்றேன்.

"இங்கியா?" இவருக்கு வெட்கம். அண்ணா அதற்குள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்ததைப் பற்றி இவரே கட்டிய பாட்டு அது. 'பஸ்ஸு வரல, நீ வந்த' என்று போகும். முதல் அடியில் சத்தம் எகிறியது. சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினேன். அப்புறம் டோலக் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம், ஒன்றை ஒன்று மிதிக்காமல் வந்தன. வரிக்கு வரி அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நிறுத்தச் சொல்ல மறந்துபோனேன். சந்தில் போனவர்கள் நின்று கேட்டார்கள். கடைக்காரர் என்னிடமிருந்து ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

மைக்கோடு அதையே வாங்கி வந்து, அந்த ஞாயிறு மத்தியானம் மொட்டைமாடியில் எடுத்தோம். கடல் காற்று மைக்கில் புஸ்ஸென்று இரைந்தது. அவருடைய துவைத்த சாக்ஸ் ஒன்றை மைக்குக்கு மாட்டிவிட்டேன். எடுத்து முடித்ததும் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம்.

"நானாம்மே இது?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அடுத்த நிமிடம் பல்லவியில் இன்னொரு குரல் ஓங்கி வந்தது. அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். கேமராவுக்குப் பின்னால் நின்று நான் என்னை அறியாமல் கூடவே பாடியிருக்கிறேன். மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது நான்தானே.

வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு முறை எடுத்தேன். அனுப்பியது அவர். இரண்டு நாள் கழித்துக் கச்சேரிக்காரரிடமிருந்து போன் வந்தது. இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"குரலு சும்மா ஜோராக் கீதுபா. கூடப் பாடுறாங்களே அந்தக்கா, அவங்களையும் இட்டுகினு வந்துரு."

"யோவ், எத அனுப்ச்ச நீ?" என்று இவரைக் கேட்டேன்.

"எது நல்லாக் கீதோ, அத" என்றார்.

மண்டபத்தில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மேடை ஏறினேன். பல்லவியை மட்டும் பாடினேன். அன்றைய வீடியோவில் என் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஓர் இடம் வரும். இவர் பாட மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்பார். டோலக் அண்ணா இரண்டு சுற்று கூடுதலாக வாசித்துச் சமாளித்திருப்பார்.