முதலாளி இடுப்பில் முதுகு காட்டிய கிழவர்

ஜப்பானில், எடோ நகரத்தில், எங்கள் சந்தில் ஒஷிகேயைத் தெரியாதவர் கிடையாது. தச்சன் மனைவி. அடுப்பில் சோறு வேகும்போதும் கையில் உளி இருக்கும். அவள் செதுக்குவது நெட்ஸுகே: புகையிலைப் பை நழுவாமல், கச்சைக்கு மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் பாக்களவு மரக்குமிழ். தேவதையும் நாகமும் அவளுக்கு வேண்டாம். அவள் மரத்தில் மீன்காரன் தும்முவான்; பக்கத்து வீட்டுக்காரி பூனையைத் திட்டுவாள். நான் பை தைக்கிறவன். என் பைகளோடு அவையும் விற்றன, செதுக்கியவள் பெயரில்லாமல்.

பெயர் பொறிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் சரக்கை விற்கும் கடை முதலாளி குரோபெய் பிடிகொடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்.

"நாளைக்கு மல்யுத்தம் பாக்கப் போறேன். பொழுதுக்கும் நீ செஞ்சதுல ஒண்ணை இடுப்புல கட்டிப் பாக்கறேன். கோணாம நின்னா பேரைப் போட்டுக்க. இல்லேன்னா அந்தப் பேச்சையே எடுக்காதே."

அவள் கொடுத்தது, குளியல் கூடத்தில் முதுகு தேய்க்கும் கிழவர். அந்த முகக்கோணலைப் பார்த்தால் நமக்கே முதுகு அரிக்கும்.

மல்யுத்தத் திடலில் பெண்களை விடமாட்டார்கள். அவளுக்காக நான் போனேன். கூட்டத்தை விலக்கி முதலாளி இடுப்பைப் பார்த்தேன். கிழவர் முகத்தை முதலாளியின் தொந்தியில் புதைத்துக்கொண்டு, அவிழ்ந்த கோவணத்தோடு ஊருக்கே பின்புறத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். கயிற்றுத் துளை ஒரு நெல்லளவு தள்ளிப் போயிருக்கிறது. பை இழுத்ததும் ஆள் திரும்பிவிட்டார். பெண்கள் இடுப்பில் பை தொங்கவிடுவதில்லையே. பலகையில் நிறுத்தித்தான் பார்த்திருக்கிறாள், பாவி.

எதிரே ஒருவன் சிரித்தான். பிறகு பத்துப் பேர். முதலாளி முகம் சிவந்தது. அரிசி வியாபாரி ஒருவர் மல்லர்களை விட்டுவிட்டு இவர் இடுப்பருகே குனிந்தார்.

"யாருய்யா பண்ணது? எனக்கும் ஒண்ணு வேணும். இதே மாதிரி முதுகைக் காட்டிட்டுத்தான் நிக்கணும்."

"எனக்கு ரெண்டு," என்றது இன்னொரு குரல்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு போன இடம் தெரியாது. ஒஷிகேயிடம் நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் குரோபெய்யும் வந்து நின்றார்.

"கோணாம நிக்கணும்னேன். திரும்பியே நின்னுட்டான் உன் ஆளு," என்றார். "சரி, ஊரே கேக்குது. பேரைப் போட்டுக்க."

அவள் உளியை எடுக்கவில்லை. கிழவரை வாங்கித் தலைகீழாகப் பிடித்தாள். இடது உள்ளங்காலில், எள்ளளவு எழுத்தில், ஒஷிகே என்று இருந்தது.

"காலையிலேருந்து உங்க இடுப்புலதான் இருக்கு, முதலாளி," என்றாள்.