கருப்பாய்ப் பிறந்த வெள்ளைக்குட்டி

உலகச் சண்டைக் காலத்தில் என் வீட்டுக்காரர் பெரம்பலூரில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுடையது ஒரு செவலைப் பெட்டைக் குதிரை. பண்ணையார் ஒருவரின் கொட்டகையில்தான் நாங்களும் குதிரையும் இருந்தோம். புல்லும் அவர் கொல்லையில் அறுத்ததுதான்.

கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வெள்ளைக் குதிரை விடுவதாகப் பண்ணையார் வேண்டிக்கொண்டிருந்தார். அது தன் மண்ணில் பிறந்ததாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம். அவரிடம் ஒரு வெள்ளை ஆண் குதிரை உண்டு, எங்கோ சந்தையில் வளர்ந்த குதிரையாகவே வாங்கியது.

"உன் பெட்டைய எங்குதிரையோட சேத்துவுடு. வெள்ளைக்குட்டி எனக்கு. நீ ஆயுசுக்கும் இங்கயே இரு" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

"வேற நெறமா போட்டுட்டா என்னங்கய்யா பண்றது?"

"அப்பன் வெள்ளையா நிக்கறான். வேற நெறம் எங்கேருந்துடா வரும்?"

சினையானதும், தாய் கண்ணில் படுகிற நிறம்தான் குட்டிக்கு வரும் என்றார்கள். குதிரைக்கு எதிரே வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். என் கருப்பு ஆட்டைக்கூட அம்மா வீட்டுக்கு ஓட்டிவிட்டேன். "ஆட்டுக்கு வந்த வாழ்வப் பாரு, மசக்கைக்கு அனுப்பறா" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தாள். சிரித்தது அதோடு சரி.

குட்டி கரியாய்ப் பிறந்தது.

பண்ணையார் வந்து பார்த்தார். "எவன் குதிரைக்குடா விட்ட?"

"சத்தியமா உங்க குதிரைதானுங்க."

"என் நேர்த்திக்கடன்ல வெளையாடிட்ட. பொழுது சாயறதுக்குள்ள எடத்தக் காலி பண்ணு."

பாடாலூர் ரோட்டோரம் புளியமரத்தடிக்குப் போனோம். ஜட்கா ஓட்டி வந்தது எங்கள் வயிற்றுக்கே காணவில்லை. கோடையில் புல்லும் கருகிப்போயிற்று. தாய்க்குப் பால் வற்றியது. குட்டி காய்ந்த மடியை முட்டிவிட்டு வந்து என் சேலைத் தலைப்பைச் சப்பும். அதை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வராது.

ஒரு நாள் மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் அந்த வழியாக வந்தார். குட்டியின் கண்ணைச் சுற்றி வெள்ளை முடி முளைத்திருந்ததைத் தடவிப் பார்த்தார். "அப்பன் வெள்ளையா?" என்றார். "இதுவும் வெளுத்துடும். வெள்ளக் குதிரைங்க பெரும்பாலும் இப்படிக் கருப்பாவோ செவப்பாவோதான் பொறக்கும். வருசம் ஆக ஆக வெளுக்கும். உங்க ஊருல யாருமே வெள்ளக் குதிரைய குட்டியா பாத்ததில்லையா?"

யார் பார்த்தார்கள்? எங்கள் பக்கம் வருகிற குதிரையெல்லாம் வெளுத்த பிறகுதான் வரும்.

என் வீட்டுக்காரர் அப்போதே பெரம்பலூருக்கு நடந்தார். மறுநாள் பண்ணையாரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது குட்டி மரத்தடியில் விறைத்துக் கிடந்தது. விடிந்ததிலிருந்து நான்தான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பண்ணையார் குனிந்து கண்ணோரத்து வெள்ளை முடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கொட்டாய்க்கே வந்துருங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் ரோட்டோரத்திலேயே குழி வெட்டி மூடினார். தாய்க்குதிரை மண்ணை மோந்துகொண்டே நின்றது, விலா எலும்பெல்லாம் தெரிய.

சாயங்காலம் அதை வண்டியில் பூட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கே திரும்பிப் போனோம். அதற்குப் புல் வேண்டியிருந்தது.