பலவேசம் கேட்ட படம்

போன மாதம் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதற வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை. டிராயிங் மாஸ்டருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை வருகிற காலம் இது!

சீமையிலிருந்து புதிதாக வந்திருக்கும் டாக்டர் துரைக்கு ஒரு யோசனை. நோயாளியின் முகத்தைப் படமாக வரைந்து கொடுத்தால் அவன் மனம் இளகுமாம்... வைத்தியரை நம்புவானாம். யோசனை நல்லதுதான். ஆனால் நம் பக்கத்தில் ஒருவர் படம் எப்போது வீட்டுச் சுவரில் ஏறுகிறது? ஆள் போன பிறகுதானே?

முதல் ஆள் பலவேசம், சாத்தான்குளத்துப் பனையேறி. மரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய வலது கால் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுத்தால் உயிர் தங்கும், இல்லாவிட்டால் சில நாள்தான் என்றார் துரை. பலவேசமோ கத்தி என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

நான் பென்சிலை எடுத்தேன். அவ்வளவுதான் — அவர் மனைவி தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டாள். தேற்றப் போன நான் வார்டையே இழவு வீடாக்கிவிட்டேன்.

“சும்ம கெட புள்ள, நான் இன்னும் போவல” என்று அவளை அதட்டிவிட்டுப் பலவேசம் என்னிடம் கேட்டார்: “எத வரையுதிய ஐயா?”

“உம்ம முகத்தத்தான் வே.”

“மூஞ்சிய வச்சா பனை ஏறுதேன்? கால வரைங்க.”

துரைக்குப் பிடிக்கவில்லை. ஆள் படம் என்றால் முகம்தான் என்று சீமை நியாயம் பேசினார். நான் காலைத்தான் வரைந்தேன். வலது காலில்தான் கட்டுப் போட்டிருக்கிறதே? இடது காலைப் பார்த்தே வலதை வரைந்தேன்.

“பெருவெரலு இன்னும் வெலகி இருக்கும்யா. மரத்தக் கவ்வுத வெரலு.”

அழித்து, விலக்கி வரைந்தேன். பலவேசம் வாங்கி வெகுநேரம் பார்த்தார். படத்திலிருந்த தன் பெருவிரலை ஒருமுறை தடவிக் கொடுத்தார். பிறகு காகிதத்தை மனைவி கையில் கொடுத்தார்.

“இனி எடுக்கச் சொல்லுங்க.”

துரை முகத்தில் ஒரே வெற்றிக்களை. தன் யோசனை பலித்துவிட்டதாம்!

கால் போயிற்று, உயிர் தங்கியது. நேற்று பலவேசம் கட்டைக்கோலை ஊன்றி ஊருக்குக் கிளம்பினார். துரைக்கு மனசு கேட்கவில்லை. “இப்போதாவது உங்கள் முகத்தை வரையச் சொல்லட்டுமா?” என்றார்.

பலவேசம் திரும்பிப் பார்த்தார்.

“மூஞ்சி எங்கன போச்சு ஐயா? போனதுக்குத்தான படம்.”