‘தனியாகவே’ என்று எழுதிய தாள்

என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்து மூன்றாவது வருஷம். ரெங்கம் ஊரில் எங்கள் வீட்டுக்கு வாராவாரம் ஒரு பெண் வர ஆரம்பித்தாள். நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு மனநல ஆலோசகர் படிப்புப் படிக்கிறவள். அவள் பயிற்சிக்காகக் கிளினிக்காரர்கள் என்னை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

“எனக்கு மூளையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, மிஸ்ஸி” என்றேன் முதல் நாளே, நர்ஸ் என்று நினைத்து.

“நான் மிஸ்ஸி இல்லம்மா, இன்னும் படிக்கிறேன். சும்மா பேசலாம் லா.”

அவரைப் புரட்டுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் யார் என்று கேட்டாள்.

“நான்தான். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின கை, தெரியும்ல?”

எழுதிக்கொண்டாள்.

நாலாவது வாரம் ஒரு தாள் கொண்டுவந்தாள். உதவிக்கு ஆள் அனுப்பச் சொல்லி நலத்துறைக்கு மனு. கூடவே என்னைப் பற்றி அவள் எழுதியது. மலாய் மொழியில் இருந்தது, தமிழில் சொல்லச் சொன்னேன்.

“இந்த அம்மா மனஉறுதி உள்ளவர். கணவரைத் தனியாகவே நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்.”

உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. என்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதியதில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்போதுதான் உறைத்தது.

“நான் அந்த ஆபீஸ்ல இருந்தா, இதப் படிச்சிட்டு ஆளே அனுப்ப மாட்டேன்.”

“அலமாக்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். “குறைய மட்டும் எழுதாதீங்க, பலத்த எழுதுங்கன்னு எங்க லெக்சரர் சொல்லுவாங்க. நீங்க சமாளிக்கிறீங்கன்னு எழுதுனேன். அது எத்தன பேரு வேலன்னு எழுதல, பாருங்க. என் தப்புதான்மா.” பேனாவை எடுத்தாள். “‘முடியல’ன்னு போடவா?”

அந்தச் சொல்லை என் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

உள்ளேயிருந்து அவர் முனகினார். நனைத்துவிட்டார் என்று அர்த்தம். எழுந்திருக்கக் கையை ஊன்றினேன். இடுப்பு வரவில்லை. மறுபடி ஊன்றினேன், வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“போட்டுக்க” என்றேன். “எல்லாத்தையும் அடிச்சிராத. உறுதின்னு போட்டிருக்கியே, அது இருக்கட்டும். தனியாங்கறத மட்டும் எடு.”

சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘முடியல’ என்றும் எழுதினாள். எனக்கு எழுத வந்த ஒரே சொல்லான என் பெயரைக் கீழே போட்டேன். பிறகு இரண்டு பேருமாக உள்ளே போய் அவரைத் துடைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து, செவ்வாயும் வெள்ளியும் காலையில் நலத்துறை அனுப்பிய ஓர் ஆள் வர ஆரம்பித்தாள். முதல் நாள் அறை வாசற்படியில் நின்று அவள் புரட்டுவதில் குறை தேடினேன். சுமாராகத்தான் புரட்டினாள். அப்புறம் பக்கத்து அறையில் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. இருந்தாலும் எழுந்திருக்கவில்லை.