சுவரின் வயிறு

போன கிழமை ஏன் எழுதவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரு சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். வேறொன்றுமில்லை.

என் மனுசிக்கு இடுப்பில் ஒபரேஷன். பிறகு மூன்று கிழமை ரேஹா என்கிற மறுவாழ்வு மருத்துவமனையில் தங்கி நடக்கப் பழகினாள். அதற்குள் படுக்கையறையைத் திருத்திவிடலாம் என்று நினைத்தேன். ஹம்பேர்க்கில் எங்கள் வீடு பழைய கட்டடம். சுவர்க் கடதாசியைக் கிழித்தேன்... அங்கங்கே சாந்தும் சேர்ந்து கையோடு வந்தது.

சரி, மேலே ஜிப்சம் பலகை ஒட்டினால் போச்சு. ஒரே நாளில் சுவர் நேராகிவிடும் — அப்படித்தான் எல்லாரும் சொல்கிறார்கள்.

புதன்கிழமை மனுசி ரெலிபோன் எடுத்தாள்.

“வெள்ளிக்கிழமை விடுகினம். ரொலேட்டரோடதான் வருவன்.”

“ஓம்.”

“கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில அது போகுமோ? அளந்தனீங்களோ?”

“ஓம்.”

அளக்கவில்லை.

ரொலேட்டர் என்றால் அவள் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடக்கிற வண்டி. அது இல்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது, விழுந்தால் திரும்பவும் ஒபரேஷன்தான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கட்டிலைத் தள்ளி வைக்கவும் வழியில்லை. மற்றப் பக்கம் அலுமாரி.

போனை வைத்துவிட்டு அளந்தேன். வண்டியின் அகலம் அறுபத்திரண்டு சென்டிமீற்றர். சுவரின் நடுவில் ஒரு பிதுக்கம், நல்ல வயிறு வைத்த ஆள்போல. அதற்கும் கட்டிலுக்கும் இடையே அறுபத்து மூன்று. பலகையும் ஒட்டுகிற கலவையும் மூன்றைத் தின்னும். மிச்சம்?

மனுசியின் தம்பி ரவி உதவிக்கு வந்தான். நூல் பிடித்துப் பார்த்தான்.

“அத்தான், வயித்தோட மட்டம் பிடிச்சு ஒட்டுவம். பள்ளத்துக்குக் கலவையை அள்ளி அப்பினால் சரி.”

“வண்டி போகாது.”

“அக்கா கொஞ்சம் ஒடுங்கிப் போவா.”

“அதை நீயே அவவிட்டைச் சொல்லு.”

“ஐயோ, எனக்கு ஏலாது!”

அப்போ வயிற்றை வெட்ட வேண்டியதுதான். பிதுக்கம் சாந்தில் இருந்தால் வெட்டலாம். செங்கல்லே வளைந்திருந்தால்? ஒன்றும் செய்ய முடியாது. மனுசி வரவேற்பறை சோபாவில் படுக்க வேண்டும். அந்த இடுப்போடு.

உளியை வைத்தேன். அடித்தேன். தூசி. இன்னொன்று. தூசிதான்.

மூன்றாவது அடிக்கு ஒரு பெரிய பாளம் பெயர்ந்து காலடியில் விழுந்தது. பின்னால் சிவப்புக் கல். வரிசை குலையாமல், நேராக.

கட்டில் விளிம்பில் இருந்துவிட்டேன்.

விழுந்த பாளத்தைத் தூக்கிப் பார்த்தோம். சாந்துக்கு மேல் சாந்து, அதற்கு மேலும் சாந்து. ஆரோ ஒருவன் எந்தக் காலத்திலோ வெட்டப் பஞ்சிப்பட்டு, சோம்பலில் அப்பிக்கொண்டே போயிருக்கிறான். அவனும் ஒரு ரவிதான்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில், வேலையில், சங்கக் கூட்டத்தில் — பள்ளத்தை நிரப்பத்தானே எல்லாரும் ஓடி வருகிறோம்? பிதுங்கி நிற்பதைத் தட்டிவிட ஆர் வருகிறார்கள்? தூசி பறக்கும் என்று பயம்.

அன்றே மிச்ச வயிற்றையும் வெட்டி எடுத்தோம். வியாழன் முழுக்கப் பலகை ஒட்டினோம். கலவை கெதியாக இறுகிவிடும். கொஞ்சம் குழை, ஒட்டு, தட்டு, நூல் பார். திரும்பக் குழை. பின்னேரம் அளந்தேன். அறுபத்து நாலு.

வெள்ளிக்கிழமை மனுசி வந்தாள். நேரே படுக்கையறைக்குப் போனாள். நான் கதவடியில் நின்றேன். வண்டி உள்ளே போனது. ஒரு பக்கம் கட்டில், மறு பக்கம் சுவர்... எதிலும் முட்டவில்லை. கட்டிலில் அமர்ந்து மூச்சு விட்டாள். நானும்தான்.

பிறகு சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“மூண்டு கிழமையா வீட்டில நிண்டு ஒரு பெயின்ற் அடிக்கேலாமப் போச்சோ?”

ஆள் தேறிவிட்டாள்.